‘ஆட்டிசம் இருக்கா? அப்போ கொஞ்சம் நில்லுங்க!’ - திருநர்கள் பற்றிய அந்த ‘6 மடங்கு’ ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரல் 13. அமெரிக்காவின் மிசோரி மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ பெய்லி ஓர் அவசர விதியை அறிவித்தார். திருநர்கள் ஹார்மோன் சிகிச்சை பெற வேண்டுமென்றால், பாலினம் தொடர்பான உளைச்சல் மூன்று ஆண்டுகளாகத் தொடர்கிறது என்பதற்கு மருத்துவ ஆவணம் வேண்டும். குறைந்தது 18 மாதங்களில், தலா ஒரு மணி நேரம் என 15 ஆலோசனை அமர்வுகள் முடித்திருக்க வேண்டும். வேறு மனநலப் பிரச்சினைகள் இருந்தால் அவை முதலில் தீர்ந்திருக்க வேண்டும். இவற்றோடு, ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பரிசோதித்திருக்க வேண்டும்.

சிறுவர்களுக்கு மட்டும் போட்ட விதி என்று நினைத்துவிடாதீர்கள். 40 வயதுக்காரருக்கும் இதே விதிதான். இதில் ஒரு வேடிக்கை வேறு. இந்த விதி எந்த மருத்துவச் சட்டத்தின் கீழும் வரவில்லை. வாடிக்கையாளரை ஏமாற்றும் வியாபாரிகளைப் பிடிக்க வைத்திருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்!

நீதிமன்றம் விதிக்குத் தற்காலிகத் தடை போட்டது. அடுத்த மாதமே, மே 16-ல், பெய்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விதி போய்விட்டது. ஆனால் அதற்குள் இருந்த அந்தச் சந்தேகம் போகவில்லை. “இந்தப் பொண்ணு தன்னை ஆண்னு சொல்றது உண்மையா, இல்ல ஆட்டிசம் பேசுதா?” என்ற கேள்வி இன்று லண்டன் கிளினிக்கிலும் கேட்கப்படுகிறது, இன்ஸ்டா கமென்ட்டிலும் கேட்கப்படுகிறது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் உண்மையான ஆய்வு முடிவு இருக்கிறது. அந்த முடிவை வைத்துக்கொண்டு சொல்லப்படுவதில் பாதி உண்மை இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

ஆரம்பிக்கும் முன் வார்த்தைகளைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். திருநங்கை, திருநம்பி, இந்த இரண்டுக்குள்ளும் அடங்காதவர்கள் என எல்லோரையும் சேர்த்து இங்கே ‘திருநர்’ என்று குறிப்பிடுகிறோம். பிறந்தபோது குறித்த பாலினமும், தான் உணரும் பாலினமும் பொருந்தாததால் வரும் வேதனையை மருத்துவர்கள் ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’ என்பார்கள். நாம் ‘பாலின உளைச்சல்’ என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் திருநர்களுக்கும் இந்த உளைச்சல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

6.4 லட்சம் பேரும் ஒரு டிவி நிகழ்ச்சியும்

2020 ஆகஸ்டில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வருண் வாரியர், சைமன் பாரன்-கோஹன் குழுவினரின் ஆய்வு வெளியானது. ஐந்து தரவுத் தொகுப்புகள், மொத்தம் 6,41,860 பேர். பிறப்பில் குறித்த பாலினத்தோடு பொருந்திப்போகிறவர்களோடு ஒப்பிட்டால், திருநர்களுக்கும் பாலினப் பன்மை உள்ளவர்களுக்கும் ஆட்டிசம் இருக்கும் வாய்ப்பு 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று அது சொன்னது.

இது திடீரென வந்த முடிவு கிடையாது. 2010-லேயே ஆம்ஸ்டர்டாமில், பாலின உளைச்சலுக்காக கிளினிக் வந்த 204 சிறுவர் சிறுமியரில் 7.8% பேருக்கு ஆட்டிசம் இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ராங் குழு எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தது. ‘என் குழந்தை எதிர்ப்பாலினமாக இருக்க விரும்புகிறது’ என்று பெற்றோர் சொல்வது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் சுமார் 7.6 மடங்கு அதிகமாக இருந்தது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு முறை, எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆக, தொடர்பு இருக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

ஆனால் ‘6 மடங்கு’ என்றதும் மனதில் என்ன ஓடுகிறது? திருநர்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டிசம் என்றுதானே? (எங்க டெஸ்க்ல கொடுத்திருந்தாலும் தலைப்பு ‘6 மடங்கு’னுதான் வந்திருக்கும், ஒத்துக்கிறேன்.) இதே கேம்பிரிட்ஜ் குழு சொன்ன இன்னொரு கணக்கைப் பாருங்கள். பிரிட்டன் மக்கள்தொகையில் ஆட்டிசம் உள்ளவர்கள் சுமார் 1.1%. அதை இந்த மடங்கால் பெருக்கினால், திருநர்களில் 3.5 முதல் 6.5% வரை ஆட்டிசம் இருக்கலாம். அதாவது 100 திருநர்களில் 93 பேருக்கு மேல் ஆட்டிசம் கிடையாது. ஒரே ஆய்வுதான். ‘6 மடங்கு’ என்று சொன்னால் ஒரு படம் வருகிறது, ‘100-ல் 6 பேர்’ என்றால் வேறு படம் வருகிறது.

அப்புறம் அந்த 6.4 லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? அதில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர், பிரிட்டனின் ‘சேனல் 4’ டிவி ஆட்டிசம் பற்றி ஒளிபரப்பிய ஆவணப்படத்தை ஒட்டி ஆன்லைனில் கேள்வித்தாள் நிரப்பியவர்கள். ‘எனக்கு ஆட்டிசம் இருக்குமோ’ என்ற யோசனை ஏற்கெனவே இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட லிங்க்கை அதிகம் தட்டுவார்கள், இல்லையா? அதனால்தான் அந்தத் தொகுப்பில் திருநர் அல்லாதவர்களிலேயே சுமார் 5% பேர் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சொன்னார்கள். திருநர்களில் அது 24%. இந்த 24-ஐ மட்டும் வெட்டியெடுத்து ‘நாலில் ஒரு திருநருக்கு ஆட்டிசம்’ என்று பரப்புகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் அந்த 5%-ஐ வசதியாக விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் முக்கியமானது. தனியாக அந்த 24-ஐ ஊரில் உள்ள எல்லாத் திருநர்களுக்கும் பொருத்த முடியாது.

2022-ல் இங்கிலாந்தின் கல்லிட்சௌனாகி, வில்லியம்ஸ் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாலின உளைச்சல் உள்ளவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் சுமார் 11% என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. இது பெரும்பாலும் கிளினிக் வரை வந்தவர்களின் கணக்கு. மருத்துவரிடம் போகிறவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு பிரச்சினை பதிவாகும் வாய்ப்பு எப்போதுமே கூடுதல்.

கேள்வித்தாள் எதை அளக்கிறது?

2018-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களான ஜாக் டர்பனும் கெரிட் வான் ஷால்க்விக்கும் ஒரு குட்டையைக் கிளப்பினார்கள். இந்த ஆய்வுகளில் பலவும் ஆட்டிசத்தை மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்தவை இல்லை; கேள்வித்தாள் மதிப்பெண்ணை நம்பியவை. கூட்டத்தில் இருப்பது பிடிக்குமா, புது ஆட்களோடு பேசுவது எளிதா, நண்பர்கள் உண்டா போன்ற விஷயங்களை அவை அளக்கின்றன. பள்ளியில் தினமும் கிண்டல் வாங்கிய ஒரு திருநம்பி இதற்கெல்லாம் என்ன பதில் போடுவார்? கூட்டம் பிடிக்காது, நண்பர்கள் கிடையாது. மதிப்பெண் எகிறும். ஆனால் அது ஆட்டிசமா, அவமானப்பட்டதன் தழும்பா?

நியாயமான கேள்வி. ஆனால் கேம்பிரிட்ஜ் ஆய்வு கேள்வித்தாள் மதிப்பெண்ணோடு நிற்கவில்லை, ‘மருத்துவர் உங்களுக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறாரா’ என்பதையும் பார்த்தது. ஒலி, வெளிச்சம், தொடுதல் போன்றவற்றில் கூடுதல் கூருணர்வு இருக்கிறதா என்பதையும் பார்த்தது. அதிலும் திருநர்களின் மதிப்பெண் அதிகம். சட்டையின் லேபிள் உறுத்துவதற்கும் கிண்டலுக்கும் சம்பந்தம் இருக்க முடியாதே. ஆகவே டர்பன் சொன்னது எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கலாம். மொத்தத் தொடர்பையும் அது துடைத்துவிடாது என்பது என் புரிதல்.

கருவில் இருந்தபோதே ஹார்மோன் வேலை செய்ததா?

இங்கேதான் ஹார்மோன் கதைக்குள் வருகிறது. ரீல்ஸ்களில் அதிகம் ஓடுவதும் இந்தப் பகுதிதான்.

பாரன்-கோஹன் 2002-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்துப் புகழ் பெற்றவர். ஆட்டிசம் என்பது ‘அதீத ஆண் மூளை’ என்பது அவர் வாதம். அமைப்புகளை, விதிகளை அலசுவதில் ஆர்வம் கூடுதல், பிறர் மனதை உணர்வது குறைவு. கருவில் இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் அதிகமானால் மூளை அப்படி உருவாகலாம் என்றார். இதைச் சோதிக்க டென்மார்க்கில் சேமித்து வைத்திருந்த பனிக்குட நீர் மாதிரிகளை அவர் குழு எடுத்துக்கொண்டது. 1993 முதல் 1999 வரை பிறந்த ஆண் குழந்தைகள். பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட 128 பேர், ஒப்பீட்டுக்கு 217 பேர். ஆட்டிசம் உள்ளவர்களின் பனிக்குட நீரில் டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கூடுதலாக இருந்தன. 2014-ல் இது பெரிய செய்தி.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? கருவில் ஆண் ஹார்மோன் அதிகம், அதனால் ஆட்டிசம், அதனால் பெண்ணாகப் பிறந்தவர் தன்னை ஆணாக உணர்கிறார். ஒரே கோட்டில் மூன்று புள்ளி. ஆனால் அடுத்தடுத்து வந்தவை இந்தக் கோட்டை நேராக விடவில்லை.

முதல் சிக்கல், திருநங்கைகள். கோட்பாட்டின்படி பார்த்தால் திருநம்பிகளிடம் மட்டும்தான் ஆட்டிசம் அதிகமாக இருக்க வேண்டும். ஆணாகப் பிறந்து, மூளையும் ‘அதீத ஆண்’ ஆகிவிட்டால் அவர் ஏன் தன்னைப் பெண்ணாக உணர வேண்டும்? ஆனால் ஆய்வுகளில் திருநங்கைகளிடமும் ஆட்டிசம் அதிகமாகவே இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் பாரன்-கோஹனின் சொந்த ஆய்வகத்திலிருந்தே வந்தது. அதே டென்மார்க் மாதிரிகளில் இந்த முறை ஈஸ்ட்ரோஜன்களை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். நாம் ‘பெண் ஹார்மோன்’ என்று பள்ளியில் படித்தோமே, அதே ஈஸ்ட்ரோஜன்தான். ஆட்டிசத்தோடு டெஸ்டோஸ்டிரோனைவிட வலுவான தொடர்பு அதற்கு இருந்தது! டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் உடல் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது என்பதால் கோட்பாடு உடைந்துபோகவில்லை. ஆனால் ‘ஆண் மூளை’ என்ற பெயர்ப்பலகை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மூன்றாவது, அட்ரினல் சுரப்பிக் கோளாறு ஒன்று. ‘கஞ்செனிட்டல் அட்ரினல் ஹைப்பர்பிளாசியா’ என்று பெயர். இதோடு பிறக்கும் பெண் குழந்தைகள் கருவிலேயே ஆண் ஹார்மோன்களை அதிகம் சந்தித்தவர்கள். கோட்பாட்டைச் சோதிக்க இயற்கையே கொடுத்த வாய்ப்பு. இவர்களிடம் ஆட்டிசப் பண்புகள் அதிகம் என 2006-ல் ஒரு சிறு ஆய்வு சொன்னது. 2016-ல் வந்த ஆய்வு அப்படி எதுவும் இல்லை என்றது. இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலானோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள் என்பதும் நினைவில் வைக்க வேண்டியது.

வளர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மனதை மாற்றுமா? 2011-ல், ஒரு டோஸ் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் கண்களைப் பார்த்து உணர்ச்சியைப் படிக்கும் திறன் பெண்களிடம் குறைந்தது என்று ஓர் ஆய்வு வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 16 பேர். 2019-ல் 643 ஆண்களிடம் இதையே செய்து பார்த்தார்கள், எந்த மாற்றமும் இல்லை. ஆட்டிசம் மூளை வளரும் ஆரம்ப காலத்திலேயே உருவாகும் விஷயம். 25 வயதில் போடும் ஊசியால் அது வருவதும் இல்லை, போவதும் இல்லை.

இடையில் ஒரு விஷயம், ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. ‘பிசிஓடி இருந்தா பொறக்கிற குழந்தைக்கு ஆட்டிசம் வருமாமே?’ என்ற பயம் வாட்ஸ்அப்பில் ஓடுவதுண்டு. 2016-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வு ஒன்று, தாய்க்கு பிசிஓஎஸ் இருந்தால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு 59% கூடுகிறது என்றது உண்மைதான். ஆனால் 2018-ல் கேம்பிரிட்ஜ் குழு பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து அதை நேரடி எண்ணாகச் சொன்னது: பிசிஓஎஸ் இல்லாத தாய்மாருக்கு 1.7%, இருப்பவர்களுக்கு 2.3%. 59% என்று கேட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படின்னா காரணம்தான் என்ன?

கேம்பிரிட்ஜ் குழு தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அவர்கள் முன்வைத்த ஒரு சாத்தியம், ஆட்டிசம் உள்ளவர்கள் சமூக எதிர்பார்ப்புகளுக்கு வளைந்துகொடுப்பது குறைவு என்பது. ‘பொண்ணுன்னா இப்படித்தான் உட்காரணும்’, ‘ஆம்பளப் புள்ள அழக்கூடாது’ போன்ற எழுதாத சட்டங்களை நாம் யாரும் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள ஒருவர் ‘ஏன்?’ என்று நேராகக் கேட்டுவிடுகிறார். உள்ளே இருப்பதை மறைக்கவும் அவருக்கு வருவதில்லை. அப்படியென்றால் மற்றவர்களிடமும் இதே அளவுக்குப் பாலினப் பன்மை இருந்து, அவர்கள் வெளியே சொல்லாமல் இருக்கலாம். இதுவும் ஊகம்தான். ஆனால் இது உண்மையாக இருந்தால், ‘ஆட்டிசம் பேசுதா?’ என்ற சந்தேகமே தலைகீழாகிவிடும்.

சிகிச்சை மனநலத்துக்கு உதவுகிறதா?

இதற்கு ஒரே வரியில் பதில் கேட்டால் இரண்டு தரப்புமே உங்களை ஏமாற்றும். வயதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

பெரியவர்களிடம் ஆதாரம் ஓரளவு நன்றாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-ல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைக்காகக் காத்திருந்த 64 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே சிகிச்சை, மீதிப் பேருக்கு மூன்று மாதம் கழித்து. எப்படியும் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது, அதையே சோதனைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். உடனே சிகிச்சை பெற்றவர்களிடம் பாலின உளைச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் மூன்றும் கணிசமாகக் குறைந்தன. 64 பேர் என்பது சின்ன எண்தான், கால அளவும் மூன்றே மாதம். ஆனால் இத்துறையில் குலுக்கல் முறைச் சோதனை கிடைப்பதே அரிது.

18 வயதுக்குக் கீழே போனால் விஷயம் கலங்குகிறது. அமெரிக்காவில் 12 முதல் 20 வயது வரையிலான 315 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2023 ஜனவரியில் வெளியானது. ஹார்மோன் தொடங்கிய பிறகு மனச்சோர்வும் பதற்றமும் சராசரியாகக் குறைந்தன. ஆனால் அந்த முன்னேற்றம் பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லை. பங்கேற்றவர்களில் இருவர் தற்கொலை செய்துகொண்டதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பம் அரசியலாகவே வெடித்தது. அங்கே சிறார் பாலின சேவைக்கு 2011-12-ல் வந்தவர்கள் 250-க்கும் குறைவு. 2021-22-ல் 5,000-க்கும் அதிகம். வந்தவர்களில் கணிசமானோருக்கு ஆட்டிசம் அல்லது ஏடிஹெச்டி. குழந்தைகள் நல மருத்துவர் ஹிலாரி காஸ் தலைமையில் நடந்த மறுஆய்வின் இறுதி அறிக்கை 2024 ஏப்ரலில் வெளியானது. அதற்காக யார்க் பல்கலைக்கழகம் ஆய்வுகளை அலசியது. பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகள் பற்றிய 50 ஆய்வுகளில் உயர்தரமானது ஒன்றே ஒன்று. ஹார்மோன் பற்றிய 53-லும் ஒன்று. ‘98% ஆய்வுகளைக் குப்பையில போட்டுட்டாங்க’ என்று அப்போது பரவிய தகவல் தவறு. நடுத்தரமான ஆய்வுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அறிக்கை வருவதற்கு முந்தைய மாதமே, பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுப்பதை இங்கிலாந்து அரசு மருத்துவ சேவை நிறுத்திவிட்டது. 2024 டிசம்பரில் பிரிட்டன் அரசு அந்த மருந்துகள் மீதான தற்காலிகத் தடையைக் காலவரையற்றதாக்கியது.

காஸ் அறிக்கையும் ஆட்டிசப் பரிசோதனை வேண்டும் என்கிறது. மிசோரியும் அதையே சொன்னது. ஆனால் காஸ் அதை முழுமையான மதிப்பீட்டின் ஒரு பகுதியாகக் கேட்கிறார், அதுவும் சிறார்களுக்கு. மிசோரி அதைப் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு செக்போஸ்ட் ஆக்கியது. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘பிரிட்டனே சொல்லிடுச்சு’ என்று பகிர்கிறவர்கள் ஏராளம்.

மருந்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவில், குடும்பம் ஏற்றுக்கொண்டு, தாங்கள் உணரும் பாலினத்திலேயே வாழவிட்ட 73 குழந்தைகளைப் பார்த்தார்கள். வயது 3 முதல் 12. ஹார்மோன் எதுவும் கிடையாது. அவர்களின் மனச்சோர்வு மற்றக் குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மட்டும் லேசாகக் கூடுதல். 2018-ல் இன்னோர் ஆய்வு, 129 இளம் திருநர்களிடம் ‘நீங்க தேர்ந்தெடுத்த பேரைச் சொல்லி எங்கெல்லாம் கூப்பிடுறாங்க?’ என்று கேட்டது. வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என இடங்கள் கூடக் கூட, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைந்தன. பெயர் சொல்லிக் கூப்பிடக் காசு ஆகாது.

ஆட்டிசமும் பாலினப் பன்மையும் சேர்ந்தே இருப்பவர்கள் நிலை இன்னும் கடினம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு ஏற்கெனவே அதிகம். அவர்களில் பாலின, பாலியல் சிறுபான்மையினருக்கு அது மேலும் கூடுவதாக 2018-ல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. வீட்டில் ஒரு முகமூடி, வெளியே இன்னொரு முகமூடி. ஆட்டிசத்தையும் மறைக்க வேண்டும், பாலினத்தையும் மறைக்க வேண்டும்.

நீல டோக்கன், சிவப்பு டோக்கன்

ஆட்டிசத்தையும் பாலினத்தையும் ஒரே மேஜையில் வைத்தது 2020 ஆய்வுதான் என்று நினைத்தால், இல்லை. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அது நடந்திருக்கிறது, மிக மோசமான விதத்தில்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் ‘ஏபிஏ’ பயிற்சி பலருக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர் தெரபி சென்டர் பலகைகளிலும் அந்த மூன்று எழுத்து இருக்கும். அதை ஆட்டிசத்துக்குப் பிரபலமாக்கியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐவார் லோவாஸ். அதே லோவாஸும் ஜார்ஜ் ரேக்கர்ஸும் சேர்ந்து 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து வயதைத் தொடாத ஒரு சிறுவன். பெண்களின் உடை, பொம்மை மீது ஆசை. அவனை ‘சரிசெய்ய’ வீட்டில் டோக்கன் முறை கொண்டுவந்தார்கள். ஆண் பிள்ளை போல நடந்தால் நீல டோக்கன், அதற்கு மிட்டாய். பெண்மையாக நடந்தால் சிவப்பு டோக்கன், அதற்குத் தண்டனை. அப்பாவின் அடியும் அந்தத் தண்டனைகளில் ஒன்று. அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் வெற்றிக் கதையாகவே பார்த்தார்கள். அதை வெளியிட்ட இதழ், கட்டுரை குறித்துக் கவலை தெரிவித்து அதிகாரபூர்வக் குறிப்பு வெளியிட்டது 2020-ல்தான்.

கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்று ஆட்டிசக் குழந்தையைப் பழக்கியதும், இடுப்பை வளைத்து நடக்காதே என்று இந்தச் சிறுவனைப் பழக்கியதும் ஒரே கை, ஒரே முறை. இன்றைய ஏபிஏ மாறியிருக்கிறது என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள், பல இடங்களில் உண்மையாகவே மாறியும் இருக்கிறது. ஆனாலும் திருநர் ஒருவரிடம் ‘முதல்ல ஆட்டிசம் டெஸ்ட் எடு’ என்று சொன்னால் அவர் ஏன் பதறுகிறார் என்பதை, இந்த வரலாறு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது.

இங்கே என்ன நிலைமை?

இந்தியாவில் சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2014 நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பாலின அடையாளத்தைத் தானே முடிவுசெய்வது அரசமைப்பு தரும் உரிமை என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தை ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை விதிக்க உத்தரவிட்டார், அதன் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. இன்னொரு பக்கம், 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம் உள்ளவர் 18 வயதைத் தாண்டிய பிறகும் அவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க வழி வைத்திருக்கிறது. ஒரே நபருக்கு இரண்டும் பொருந்தினால், ‘நான் ஒரு பெண்’ என்று அவர் சொல்வதை யார் ஏற்க வேண்டும்? பாதுகாவலராக இருக்கும் அப்பாவா?

மருத்துவமனைக்குப் போனாலும் இதே பிளவுதான். திருநர்களுக்கென்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் கிளினிக் இருக்கிறது. ஆட்டிசம் என்றால் குழந்தைகள் நலப் பிரிவு, ஆரம்பநிலைத் தலையீட்டு மையம். 26 வயதில் ‘எனக்கு ஆட்டிசமோ’ என்று சந்தேகம் வருகிற ஒரு திருநம்பி இதில் எந்த வரிசையில் நிற்பது? கிளினிக் வரை வராமல், மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாங்களே ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளும் உண்டு. அவர்களிடம் இதையெல்லாம் கேட்பதற்கே ஆள் இல்லை.

ஜான் ஸ்ட்ராங் உள்ளிட்ட நிபுணர்கள், ஆட்டிசமும் பாலின உளைச்சலும் சேர்ந்திருக்கும் பதின்வயதினருக்காகத் தயாரித்த வழிகாட்டுதல் 2018-ல் வெளியானது. ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக ஒருவருக்குப் பாலினம் சார்ந்த சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதேநேரம் முடிவெடுக்கக் கூடுதல் கால அவகாசம் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. என்ன மாறும், என்ன மாறாது, எது திரும்ப வராது என்பதை மழுப்பாமல், நேரடியான சொற்களில் விளக்க வேண்டும். தொடு உணர்வு கூடுதலாக உள்ளவருக்கு ஊசி தாங்குமா, தோலில் பூசும் ஜெல்லின் பிசுபிசுப்பு தாங்குமா, மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டரை எவ்வளவு நேரம் போட முடியும் என்பதெல்லாம் அவருக்கு அன்றாடக் கேள்விகள். ஆட்டிசப் பரிசோதனை நடந்தால் மருத்துவரால் இவற்றுக்குத் தயாராக முடியும். மிசோரி விதி பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆட்டிசம் இருப்பது தெரிந்த பிறகு அந்த நபருக்கு என்ன உதவி செய்வது என்பதற்கு அதில் ஏற்பாடு எதுவும் இல்லை.

*மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண் 104. மத்திய அரசின் டெலி-மானஸ் 14416. சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050.*